பதினோராவது செல்

மியாக்மார் என்றால் செவ்வாய்.
கிழமையும் அதுதான், கோளும் அதுதான்.
இன்று வியாழன்.
ஆனாலும் வந்துவிட்டான்,
டாக்சியின் டாஷ்போர்டில்
ஒரு சிவப்பு முக்கோணத்தோடு.

உலான்பாத்தர். காலை ஏழு மணி. மைனஸ் முப்பத்தொன்று.
என் பட்டறை ஒரு கப்பல் கன்டெய்னர்.
கடலே இல்லாத நாட்டில்
அதற்குள் நின்று ஸ்பேனர் தேடுகிறேன்.

பொத்தானை அழுத்தியதும்
ஒரு ஜப்பானியப் பெண்குரல்.
சுங்க அட்டையைச் செருகவில்லை என்கிறாளாம்.
நகோயாவில் யாரோ உருவிக்கொண்டு போன அட்டை.
பதினாறு வருடமாக நினைவூட்டுகிறாள்,
நான்கு லட்சம் கிலோமீட்டர்,
நான்கு சொந்தக்காரர்கள்,
ஒருவரும் பதில் சொன்னதில்லை.
வழிகாட்டித் திரையில் வண்டி இன்னும்
நீலக் கடலில் மிதந்துகொண்டிருக்கிறது.

பக்கத்துப் பட்டறை ருஷ்ய ஜீப்பை எழுப்ப
அடியில் தீ காட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள்.
இது அப்படியில்லை.
எந்தக் குளிரிலும் ஒரு சின்னச் சிணுங்கலோடு விழித்துவிடும்.
பெட்ரோலைக் குருவி மாதிரிக் குடிக்கும்.
அதனால்தான் இந்த ஊர் முழுக்க
வலப்பக்க ஸ்டியரிங்குகள்,
தவறான பக்கத்திலிருந்து முந்த எட்டிப் பார்க்கும் கழுத்துகள்.

பின்சீட்டைக் கழற்றினேன்.
பாட்டரிக்குக் காற்றூதும் விசிறியில்
அடைந்து கிடந்தது ரோமம்.
வெளியே எச்சில் உறைகிற குளிர்,
உள்ளே இதற்குக் காய்ச்சல்.

"ஆடு ஏற்றினாயா?"
"இல்லை."
"எத்தனை?"
"சின்ன ஆடுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்.
இவன் ஆட்டைச் சீட்டுறைக்குள் மறைக்கிறான்.

மீட்டரை வைத்து ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஏழு புள்ளி ஆறு.
ஏழு புள்ளி ஆறு.
ஏழு புள்ளி ஐந்து.
இருபத்தெட்டுப் பேர் கைகோத்து நிற்கிற வரிசை,
ஒருவர் உட்கார்ந்தால் போதும்.
பதினோராமவர் உட்கார்ந்திருந்தார்.

ரேடியோவில் யாரோ
இரண்டாயிரத்து ஐம்பதைப் பற்றிப் பேசுகிறார்.
காற்றாலைகள், கோபியின் வெயில், புகையில்லாத நகரம்.
நல்ல குரல்.
அந்தக் குரலை என் மேசைக்குக் கொண்டுவரும் மின்சாரம்
நிலக்கரியிலிருந்து வருகிறது.
ஜன்னலைத் துடைத்தால் துணி கறுக்கிறது.
எனக்கு மதியத்துக்குள்
ஒரு நல்ல செல் வேண்டும், அவ்வளவுதான்.

பாலத்தில் மோதிச் செத்த வெள்ளை வண்டியிலிருந்து
ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.
அதைப் பொருத்தினேன்.
முக்கோணம் அணைந்தது.

அப்போதுதான் சோத்னோம் வந்தார்,
தெற்கே நானூறு கிலோமீட்டரிலிருந்து, சாக்கோடு.
தளர்ந்துபோன செல்களை அவர்தான் வாங்குவார்.
வண்டி இழுக்க முடியாதவை
இரண்டிரண்டாய்க் கோத்தால்
கூடாரத்துக்குள் ஒரு விளக்கு, ஒரு போன்,
பனிப்புயல் வருகிறதென்று சொல்ல ஒரு ரேடியோ.
பகலில் ஊட்ட, கூரைமேல் சோலார் தகடு.
நகோயா, பிறகு நாங்கள், பிறகு அவர்.
எதிர்காலம் எங்களுக்கு இப்படித்தான் வருகிறது,
பழைய சட்டை மாதிரி,
முன்னவர் உடம்பின் வளைவோடு.

"இவற்றை வெளியே வைக்காதீர்கள், குளிர் தாங்காது.
அடுப்புக்கருகிலும் கூடாது."
"குட்டிகளை வைக்கிற இடத்தில் வைக்கலாமா?"
"வைக்கலாம்."

பதினோராவதை எடுத்துப் பார்த்தார்.
வயிறு உப்பியிருந்தது. திருப்பி வைத்துவிட்டார்.
கன்டெய்னருக்குப் பின்னால், பனிக்கடியில்,
அதன் சொந்தக்காரர்கள் நாற்பது பேர் படுத்திருக்கிறார்கள்.
அவர்களை எங்கே அனுப்புவதென்று
அந்த நல்ல குரல் இதுவரை சொன்னதில்லை.
பனி உருகுவதற்குள்
நானாவது யாரையாவது கேட்க வேண்டும்.

சோத்னோமிடம் பணமில்லை.
லாரியிலிருந்து இறக்கினார்:
தோலோடு உறைந்த முழு ஆடு.
என் வீடு மலைச்சரிவில். பஸ் போகாது.

மியாக்மார் ஒன்றும் சொல்லவில்லை.
பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.
ஒரு பழைய போர்வையைத் தேடி விரித்தேன்,
விசிறியின் வாயை விட்டுவிட்டு.

பொத்தானை அழுத்தினான்.
அவள் மறுபடி கேட்டாள்.